இல்லை என்று சொன்னவள்

ஜலகண்டாபுரத்து நெசவுத் தெருவில் அங்கம்மாளைப் பற்றிக் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல ஆள் கிடையாது. அதுதான் அவளுக்கு இருந்த கஷ்டம்.

“தாயில்லாப் புள்ளைய இப்படி யாரு பாப்பாங்க? மகராசி!” என்பார்கள், அவள் வசந்தாமணிக்குத் தலை பின்னிவிடும்போது. “பெத்தவ இருந்திருந்தாக்கூட இத்தனை பண்ணியிருக்க மாட்டா” என்று இன்னும் ஒரு படி மேலே போவாள் எதிர்வீட்டு மயிலம்மாள். அந்தச் சொல் காதில் விழுந்த நாளில் அங்கம்மாளுக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்காது. சீப்பை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். புகழ்ந்து பேசினால் கூச்சப்படுகிறாள் என்று அதற்கும் சேர்த்துப் புகழ்வார்கள்.

வசந்தாமணி அவள் வயிற்றில் பிறந்தவள் அல்ல. அங்கம்மாளுக்கும் கந்தவேலுவுக்கும் குழந்தை இல்லை. ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் சின்னராஜ் வீடு. அவனும் தறிக்காரன்தான், கந்தவேலுவைவிடப் பத்து வயது இளையவன். அவன் மனைவி கண்ணாத்தாள் நல்ல சிரிப்புக்காரி. இரண்டு வீட்டுக்கும் புழக்கடை ஒன்றே என்பதால் நாளுக்குப் பத்துத் தடவை, “அக்கா, புளி இருக்குதா?”, “அக்கா, இந்தக் கூத்தைக் கேட்டீங்களா?” என்று வந்து நிற்பாள். அவள் பெற்றதுதான் வசந்தாமணி.

அந்தக் கண்ணாத்தாள் இறந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம், தை மாதம், பிளேக் நோயில்.

அந்த நாளில் சேலத்துப் பக்கம் குளிர் காலம் வந்தால் பிளேக் பயமும் கூடவே வரும். எந்த வீட்டில் எலி தானாகச் செத்து விழுகிறதோ, அந்த வீட்டார் உடனே சுகாதார இன்ஸ்பெக்டரிடம் சொல்ல வேண்டும் என்று தமுக்கு அடித்திருந்தார்கள். சொன்னால் தெருவையே காலி செய்து காட்டில் கொட்டாய் போட்டுக் கொடுப்பார்கள். கூரை ஓட்டைப் பிரித்து வெயில் விடுவார்கள். தறிக்குழியில் மருந்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். கொட்டாயில் போய் இருப்பதற்கு யாரும் அஞ்சவில்லை. தறியில் ஏறியிருக்கும் பாவு நூலை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தை மாதம் முழுக்கக் கல்யாணம், தெரு முழுக்கக் கூறைச்சேலை. கூறைச்சேலைக்கு ஏற்றின பாவைப் பாதியில் அறுத்தால் அறுத்த வீட்டிலும் தாலி நிற்காது, உடுத்தப்போகிற வீட்டிலும் தாலி நிற்காது என்று அந்தத் தெருவில் ஒரு பயம் இருந்தது. சர்க்கார் தமுக்கைவிட அந்தப் பயத்துக்குச் சத்தம் அதிகம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கந்தவேலு நூல் வாங்கப் போயிருந்தபோது, அங்கம்மாள் தறிக்குழியைப் பெருக்க இறங்கினாள். மிதிகட்டைக்குக் கீழே ஒரு எலி விறைத்துக் கிடந்தது. தறியில் ஏறியிருந்த கூறைச்சேலைக்கு இன்னும் நாலு நாள் வேலை பாக்கி. அவள் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு ஒரு ஓட்டுச் சில்லில் அள்ளிப் புழக்கடைக் குப்பைக்குழியில் புதைத்துவிட்டு, கையைச் சாம்பல் போட்டுக் கழுவினாள். நாலு நாள். நாலு நாள் கழித்துச் சொன்னால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள்.

அன்று மத்தியானமே கண்ணாத்தாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு இல்லை.

“அக்கா, ஒன்னு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. உங்க ஊட்டுல எலி கிலி விழுந்துச்சுங்களா?”

“ஏங்கண்ணு?”

“எனக்கென்னமோ பயமா இருக்குதுங்க. விழுந்திருந்தாச் சொல்லிப்போடுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நான் பாட்டுக்குப் புள்ளையத் தூக்கிக்கிட்டு சங்ககிரிக்கு எங்கம்மா ஊட்டுக்குப் போயிர்றேன். துணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டேன்.”

அங்கம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். குப்பைக்குழிப் பக்கம் பார்க்கவில்லை.

“இல்லெ கண்ணு. இங்கெ ஒன்னுமில்லெ” என்றாள்.

“அப்பாடி! நீங்க சொன்னாச் சரிங்க” என்று கண்ணாத்தாள் சிரித்துவிட்டுப் போனாள். போய் மூட்டையை அவிழ்த்தாள்.

கூறைச்சேலை நெய்து முடிந்தது. ஐந்தாம் நாள் கண்ணாத்தாளுக்குக் காய்ச்சல் கண்டது. கக்கத்தில் நெறி கட்டியது. எட்டாம் நாள் அவள் இல்லை. அதற்குள் நாலைந்து வீடுகளில் எலி விழுந்து, தெருவே காட்டுக்குப் போயிற்று. யார் வீட்டில் முதலில் விழுந்தது என்று யாரும் விசாரிக்கவில்லை. கொட்டாயில் ஒன்றே கால் வயதுப் பிள்ளை பாலுக்கு அழுதபோது அங்கம்மாள்தான் போய் வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அது அவள் பிள்ளை.

பதினோரு வருஷம் அவள் உழைத்த உழைப்பைத் தெரு கண்டது. காரணத்தைக் காணவில்லை. சின்னராஜ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அவன் வீட்டுச் சோறும் அவள் கையால்தான். தலையில் பூ வைப்பதை விட்டாள். செவ்வாய்க்கிழமை பட்டினி. திருச்செங்கோட்டு மலைக்கு வெயிலில் வெறுங்காலோடு ஏறினாள். இதெல்லாம் எதற்கு என்று கந்தவேலு கேட்டதில்லை. அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. “கூறைப்பாவு வேண்டாம், வேற எது வேணும்னாலும் ஏத்துங்க” என்று அவள் ஒருமுறை சொன்னபோது மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் அவன் கூறைப்பாவு ஏற்றவில்லை.

எது செய்தாலும், “இல்லெ கண்ணு” என்று தான் சொன்ன குரல் உள்ளே அப்படியே இருந்தது. வசந்தாமணி வளர வளரக் கண்ணாத்தாள் மாதிரியே சிரித்தாள். அது வேறு.

கடைசி மூன்று வருஷமாக அங்கம்மாள் ஆடி நோம்பிக்கு மாரியம்மன் கோயிலில் தீச்சட்டி எடுத்தாள். எல்லாரும் சட்டிக்கு அடியில் வேப்பிலையைக் கத்தையாக வைத்துத்தான் எடுப்பார்கள். பூசாரியும் அப்படித்தான் கொடுப்பார். முப்பத்தேழாம் வருஷத்து ஆடியில் அங்கம்மாள் பாதி வழியில் அந்த வேப்பிலையை உருவிக் கீழே போட்டாள். யாரும் பார்க்கவில்லை. கோயில் வந்து சட்டியை இறக்கும்போது இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன. “அம்மனுக்கு எடுக்கறதுன்னா அதுக்கு ஒரு முறை இருக்குதாயா. இப்படி யாரு எடுக்கச் சொன்னா?” என்று பூசாரியே பதறினார்.

புண் சீழ் வைத்தது. புதன்கிழமைதோறும் சந்தைப்பேட்டைக்கு வரும் மிஷன்காரர்களின் மருந்து வண்டிக்குக் கந்தவேலு அவளை அழைத்துப்போனான். வண்டியில் கட்டுக் கட்டுகிறவள் அத்தாயி என்ற பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். உரத்த குரல். ஊர் முழுக்க அவளுக்கு அக்கா, அண்ணன், மாமன்.

“அண்ணா, நீங்க போயி அந்த நெழல்ல குந்துங்க. ஆம்பளைங்க சீழைப் பாத்தா மயங்கி உழுந்துருவீங்க. அப்பறம் உங்களுக்கும் சேத்து நாந்தான் பாக்கோணும்” என்று கந்தவேலுவை அனுப்பிவிட்டு, அங்கம்மாளின் கையைப் பிரித்துப் பார்த்தாள். பார்த்ததும் குரல் தணிந்தது.

“ஏனுங்கக்கா, தீச்சட்டிங்களா?”

“ஆமா அம்மிணி.”

“எத்தனையாவது வருசம்?”

“மூனு.”

“என்ன வேண்டுதலை?”

“ஒரு தப்புக்கு.”

அத்தாயி பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டே கேட்டாள். “தீந்துச்சுங்களா?”

கட்டுப் போடும் வலிக்கு அழாத அங்கம்மாளுக்கு அந்தக் கேள்விக்குக் கண் கலங்கியது. “இல்லெ” என்றாள்.

அத்தாயி கட்டுத்துணியை எடுத்தாள். இரண்டு கைக்கும் மூட்டை மாதிரிக் கட்டுப் போட்டு, “மூனு வாரத்துக்குக் கையில தண்ணி படக்கூடாது. வேலை கீலை ஒன்னும் ஆகாது. மீறுனீங்கன்னா நானே ஊட்டுக்கு வந்து திட்டுவேன்” என்றாள்.

அந்த மூன்று வாரம்தான் அங்கம்மாளின் வாழ்க்கையில் பெரிய சோதனை. பதினோரு வருஷமாக ஓயாமல் செய்துகொண்டிருந்த கை சும்மா மடியில் கிடந்தது. தறியில் உட்கார முடியவில்லை. அடுப்பு மூட்ட முடியவில்லை. வசந்தாமணிக்கு ஒரு வாய்த் தண்ணீர் மொண்டு கொடுக்க முடியவில்லை. பன்னிரண்டு வயது வசந்தாமணிதான் இரண்டு வீட்டுக்கும் களி கிண்டினாள். கிண்டிவிட்டு, வட்டிலை எடுத்துக்கொண்டு அங்கம்மாளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஆ காட்டு பெரிம்மா.”

“வேண்டாஞ் சாமி. நான் அப்பறமாத் திங்கறேன்.”

“அப்பறமா யாரு ஊட்டுவா, பெரியப்பனா? அவரு உம்மூக்குல ஊட்டிப்போடுவாரு. வாயைத் தொற.”

அங்கம்மாள் வாயை இறுக மூடிக்கொண்டாள். எந்தப் பிள்ளையின் தாயைத் தான் கொன்றதாக நினைத்திருந்தாளோ, அந்தப் பிள்ளை களியை உருட்டிக் குழம்பில் தொட்டு ஊதி ஆற்றி நீட்டிக்கொண்டிருந்தது. கொடுக்க மட்டும் பழகியிருந்தவளுக்கு அந்தக் கையிலிருந்து வாங்க வாய் வரவில்லை.

“எனக்கு நீ ஊட்டலியா? இப்ப நான் ஊட்டறேன். அவ்வளவுதானே?” என்றாள் பிள்ளை, கொஞ்சம் கோபமாகவே. பசி வேறு. அங்கம்மாள் வாயைத் திறந்தாள். களியோடு கண்ணீரும் இறங்கியது.

“காரமா இருக்குதா?” என்று கேட்டாள் வசந்தாமணி.

அடுத்த புதன்கிழமை கட்டைப் பிரிக்கும்போது, அங்கம்மாள் கேட்காமலே எல்லாவற்றையும் சொன்னாள். எலி, குப்பைக்குழி, கண்ணாத்தாள் கேட்டது, தான் சொன்னது. “அந்தப் புள்ளைகிட்டச் சோறு வாங்கித் திங்க எனக்கு யோக்கியதை இல்லெ அம்மிணி” என்று முடித்தாள். ஒரு மனுஷக் காதுக்கு அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அத்தாயி ஆறுதல் சொல்வாள், விடுங்கக்கா அதொன்னும் பெரிசில்லை என்பாள் என்று அங்கம்மாள் பயந்திருந்தாள். அப்படிச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள். அத்தாயி சொல்லவில்லை.

“தப்புத்தானுங்க. பெரிய தப்பு” என்றாள்.

அங்கம்மாளுக்கு மூச்சு வந்தது.

“நானும் ஒன்னு சொல்றனுங்க. எங்க சாமியைச் சிலுவையில அறைஞ்சப்போ பக்கத்துலயே ஒரு கள்ளனையும் அறைஞ்சாங்க. நெசமான கள்ளன். கொலை கொள்ளை எல்லாம் பண்ணுனவன். அவன் திரும்பி, சாமி, என்னைய நெனைச்சுக்கோங்கன்னு ஒரு வார்த்தை கேட்டான். அவுரும் சரி, இன்னிக்கே எங்கூட வந்துருன்னு சொல்லிப்போட்டாரு. அவனுக்கு ரெண்டு கையும் ஆணியில இருந்துதுங்கக்கா. ஒரு நல்லது செஞ்சு ஈடு கட்டலாம்னாக் கை வேணுமில்ல? நேரமாவது வேணுமில்ல? ரெண்டும் இல்லெ.”

அங்கம்மாள் தன் கையைப் பார்த்தாள். பிறகு, “அப்ப அவன் கொன்னவங்க?” என்று கேட்டாள். “அவங்க பட்ட பாடு? அதை யாரு கேக்கறது?”

அத்தாயி கட்டுத்துணியைச் சுற்றுவதை நிறுத்தினாள். அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது போலிருந்தது. “அதைச் சும்மா விட்டுற முடியாதுன்னுதானுங்க அந்தச் சாமியும் பக்கத்துலயே தொங்குனாரு. பாவம்னா யாரோ ஒருத்தரு பட்டுத்தான் தீரோணும். அவுரு பட்டுட்டாரு. நீங்க இன்னமும் பட்டுக்கிட்டிருக்கீங்க” என்றாள்.

அதைக் கேட்டதும் மனம் இளகிவிட்டது என்று சொல்ல முடியாது. அங்கம்மாள் வீட்டுக்குப் போய் நாலு நாள் அதோடு மல்லுக்கு நின்றாள். அவ்வளவு சுலபமா? அப்படியானால் பதினோரு வருஷம் பட்டினி கிடந்தது எதற்கு? வேளைக்கு வேளை வசந்தாமணி வந்து “ஆ காட்டு” என்றாள். அங்கம்மாள் வாயைத் திறந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம், பிள்ளை வட்டிலை எடுத்துக்கொண்டு போன பிறகு, அவள் போய்த் தறியில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் தொங்கவிட்டாள். எலி கிடந்த இடம் பாதத்துக்குக் கீழே இருந்தது.

இதுவரை எந்தச் சாமியிடமும் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. “எம்பாவத்தைப் பொறுத்துக்கோ” என்று மட்டும்தான் வேண்டியிருந்தாள். இப்போது வாய்விட்டுச் சொன்னாள். “கண்ணாத்தா கேட்டா. நான் இல்லென்னு சொன்னேன் சாமி. என்னால இதை ஈடுகட்ட முடியாது. ஈடுகட்டிப் பாத்துட்டேன். எங்கையில ஒன்னுமில்லெ. கள்ளனை நெனைச்ச மாதிரி என்னையும் நெனைச்சுக்கோ.”

வானம் ஒன்றும் திறக்கவில்லை. தெருவில் எவனோ கழுதையைத் திட்டிக்கொண்டு போனான். ஆனால் பதினோரு வருஷமாக நெஞ்சில் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் குரல் அப்போது கேட்கவில்லை. அது நின்றுபோனதை அவள் கொஞ்சம் பொறுத்துத்தான் உணர்ந்தாள். நாள் முழுக்க ஓடின தறி நின்றால் வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அன்று சாயங்காலம் கந்தவேலு சந்தையிலிருந்து வந்தவன் வாசலில் நின்றான்.

“என்ன, பாட்டுச் சத்தம் கேக்குது?”

“நாந்தானுங்க.”

“உனக்குப் பாடத் தெரியுமா?”

“எனக்கே மறந்துபோச்சுங்க” என்று அவள் சிரித்தாள். பிறகு அவனை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். “இத்தனை வருசம் தனியாச் சொமந்தியா?” என்று மட்டும் கேட்டான்.

இனிச் சின்னராஜிடம் சொல்ல வேண்டும். அடுத்த புதன்கிழமை இதைக் கேட்ட அத்தாயி அவசரப்படுத்தவில்லை. “அவருகிட்டச் சொன்னாத்தான் மன்னிப்புன்னு இல்லீங்கக்கா. சாமி மன்னிச்சாச்சு. மறைக்கிறதுக்கு இனி என்ன இருக்குதுன்னு நீங்களே பாருங்க” என்றாள். மறைப்பதற்கு ஒன்று இருந்தது. வசந்தாமணி. சொன்னால் அந்தப் பிள்ளையை இழக்க நேரும் என்று அங்கம்மாளுக்குத் தெரியும். எந்தத் தகப்பன் விடுவான்? கட்டு அவிழ்ந்து கை ஆறின மறுநாள், பிள்ளை தண்ணீருக்குப் போயிருந்த நேரம் பார்த்து, சின்னராஜின் தறிக்கு முன்னால் போய் நின்றாள்.

அவள் சொல்லச் சொல்ல தறியில் நாடா ஓடும் சத்தம் மெதுவாகி நின்றது. சின்னராஜ் நிமிரவில்லை.

“கேட்டாளா? உங்ககிட்ட வந்து கேட்டாளா?”

“கேட்டா தம்பி. மூட்டை கட்டி வெச்சுட்டுத்தான் கேட்டா. நான் இல்லென்னேன். என்னைய மன்னிச்சுரு.”

“இங்கிருந்து போங்க” என்றான். அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள். “போங்கன்னா போங்க! இனி எம்புள்ளையத் தொடாதீங்க!”

மறுநாள் காலையில் புழக்கடைக்கு நடுவே வேலமுள் படல் நின்றது. அந்தப் பக்கம் வசந்தாமணி திரும்பி உட்கார்ந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பன் அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டான் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அங்கம்மாள் அழுதாள். வலி பழைய வலியைவிடக் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் பழைய வலி அல்ல இது. முன்பாக இருந்தால் கிணற்றில் விழப் போயிருப்பாள். இப்போது அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு தறியில் உட்கார முடிந்தது. பிள்ளை போய்விட்டாள். பெற்ற மன்னிப்பு போகவில்லை. அது சின்னராஜ் கொடுத்ததாக இருந்தால் அவன் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

ஐந்தாம் நாள் மயிலம்மாள் வந்தாள். மகராசி என்று சொல்லிக்கொண்டிருந்த அதே வாய்.

“ஏ அங்கம்மா, என்னமோ ரகசியம் இருக்குதாமே? சின்னராசு சொல்லியுட்டான். அவ பாவடியில வந்து எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும், அப்பறம் பாக்கலாங்கறான். அப்படி என்னத்தையாயா திருடிப்போட்ட?”

“நாளைக்குக் காலையில சொல்றனுங்க” என்றாள் அங்கம்மாள். அவள் நடுங்காமல் சொன்னது மயிலம்மாளுக்குச் சப்பென்று போய்விட்டது.

பாவடி என்பது பாவை நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுகிற மைதானம். விடிந்ததும் தெருவே அங்கேதான் இருக்கும். கஞ்சி போட்ட பாவை வெயில் ஏறுமுன் நார்ப் புருசால் தேய்த்து முடிக்க வேண்டும். நடுவில் விட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆகவே அங்கம்மாள் வந்து நின்று பேசத் தொடங்கியபோது யாராலும் போகவும் முடியவில்லை, வேலையை நிறுத்தவும் முடியவில்லை. தேய்த்துக்கொண்டே கேட்டார்கள். பிறகு ஒவ்வொரு கையாக நின்றது.

அவள் குறைத்துச் சொல்லவில்லை. கூறைப்பாவின் பயத்தைச் சாக்காகச் சொல்லவில்லை. “அவ என்னைய நம்பிக் கேட்டா. நான் பொய் சொன்னேன். அதனால அவ போகாம நின்னா. நின்னதனால செத்தா. நீங்கெல்லாம் என்னைய மகராசின்னீங்க. நான் மகராசி இல்லீங்க” என்று முடித்தாள்.

“அடிப் பாவி!” என்றாள் மயிலம்மாள். “நெஞ்சழுத்தக்காரி! பதினோரு வருசம் எப்படி இருந்தே? சொல்லிப்போட்டு என்ன இப்படித் தலை நிமுந்து நிக்கறே?”

“எங்கடவுள் என்னைய மன்னிச்சுட்டாருங்க. அதனாலதான் சொல்லவே முடிஞ்சுது” என்றாள் அங்கம்மாள்.

அப்போதுதான் சின்னராஜின் கையிலிருந்த புருசு தரையில் விழுந்தது. அவன் பாவுக்கு அடியிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் அவன் கத்தப்போகிறான் என்று நினைத்தார்கள். அவன் பேசின குரலைத் தெருவில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை.

“வெள்ளிக்கெழம இல்லீங்க. வியாழக்கெழமையே எங்க ஊட்டுல விழுந்துச்சு. ஒன்னில்லெ, ரெண்டு. என் தறியிலயும் கூறைப்பாவு இருந்துச்சு. நான் பொதைக்கிறதைக் கண்ணாத்தா பாத்துட்டா. என்னங்க அதுன்னா. பெருச்சாளி, நாய் கடிச்சுப் போட்டுதுன்னு சொன்னேன். அவ நம்பல. அதனாலதான் அக்காகிட்டப் போயிக் கேட்டிருக்கறா.” அவன் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான். “எம்பொண்டாட்டிய நாந்தான் கொன்னேன்னு நெனைச்சுக்கிட்டிருந்தேன். இந்தக்கா வந்து சொன்னப்போ, நானில்லெ இவதான்னு ஒரு சந்தோசம் வந்துச்சு. அஞ்சு நாளா அதைப் புடிச்சுக்கிட்டுத் தொங்கறேன். முடியலீங்க.”

மயிலம்மாள்தான் முதலில் தேறினாள். “அப்படின்னா அங்கம்மா மேல தப்பே இல்லையே! மொதல்ல விழுந்தது அவன் ஊட்டு எலிதானே?” என்று ஒரே நிமிஷத்தில் கட்சி மாறினாள்.

அங்கம்மாளுக்கு ஒரு கதவு திறந்தது. பதினோரு வருஷத்தில் ஒரு நாள் இந்தச் சேதி கிடைத்திருந்தால் அதற்குள் ஓடிப் புகுந்துகொண்டிருப்பாள். இப்போது அது தேவையாக இல்லை.

“எந்த எலின்னு கடவுளுக்குத்தான் தெரியுமுங்க. பொய் எம்பொய்” என்றாள். பிறகு போய்ச் சின்னராஜுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள். “தம்பி, இங்கெ பாரு. நான் வெந்த கையோட போனேன். என்னையச் சேத்துக்கிட்டாரு. உன்னைய மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. எனக்குத் தெரியும்.”

“நெசமாவா சொல்றீங்க?” என்று சின்னராஜ் கேட்டான். முப்பத்தாறு வயது ஆண் பிள்ளை மாதிரி அவன் கேட்கவில்லை.

“கஞ்சி காயுதுங்க!” என்று கத்தினான் கந்தவேலு. அந்த மனிதன் அவ்வளவு உரக்கப் பேசி யாரும் கேட்டதில்லை. எல்லாரும் திடுக்கிட்டுப் பாவுக்கு ஓடினார்கள். சின்னராஜால் எழுந்திருக்க முடியவில்லை. அவன் போட்ட புருசை அங்கம்மாள் எடுத்து, புதுத்தோல் வந்த கையால் அவன் பாவைத் தேய்க்கத் தொடங்கினாள்.

பாவின் பாதி நீளம் போனபோது எதிரில் வசந்தாமணி நின்றாள். கஞ்சிச் சட்டியை இடுப்பில் வைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

“எங்கம்மா கேட்டப்போ நீ இல்லென்னு சொன்னியா?”

“சொன்னேன் சாமி.”

“எங்கப்பனும் பொய் சொன்னாரா?”

“அதை அவருகிட்டக் கேளு.”

பிள்ளை கஞ்சிச் சட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். “இனி எங்கிட்டப் பொய் சொல்லுவியா?”

“மாட்டேன்.”

“எனக்குக் கோவம் இன்னும் போகல.”

“இருக்கட்டும் கண்ணு. போறப்போ போகட்டும்.”

“ஆனா அஞ்சு நாளா எனக்குத் தலை பின்ன வரல” என்று சொல்லிவிட்டு வசந்தாமணி அழுதாள். அங்கம்மாள் புருசைக் கந்தவேலுவிடம் கொடுத்துவிட்டுக் கஞ்சிக் கையோடு அவளைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். படலைச் சின்னராஜ் அன்று மத்தியானமே பிடுங்கி அடுப்புக்குப் போட்டான். அடுத்த புதன்கிழமை அவன் மருந்து வண்டிக்குப் போய் வரிசையில் நின்றான். “உங்களுக்கு எங்கெயிங்கண்ணா நோவு?” என்று அத்தாயி கேட்டாள். “அக்கா அனுப்புச்சாங்க” என்றான். அத்தாயி அவனையும் அந்த நிழலில் உட்காரச் சொன்னாள்.

கார்த்திகையில், மேட்டூருக்குக் கீழே காவிரியில் அங்கம்மாள் ஞானஸ்நானம் பெற்றாள். தெருவில் சிலர் அதன் பிறகு அவள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. கந்தவேலு, “நீ எந்தச் சாமியக் கும்புட்டாலும் கொழம்புல உப்பு மட்டும் போட்டுரு” என்று சொல்லிவிட்டான். அன்று மாற்றுப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றான். பக்கத்தில் சின்னராஜும் வசந்தாமணியும் நின்றார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்ற போதகர் நல்ல மனுஷர். புதுப் பிறவிக்குப் புதுப் பெயர் வைக்கலாம், கிருபையம்மாள் என்று வைக்கட்டுமா என்று கேட்டார். அழகான பெயர்தான். அங்கம்மாள் யோசித்தாள்.

“வேண்டாமுங்க” என்றாள். “தப்புப் பண்ணுனவ அங்கம்மா. அவளைத்தானுங்களே அவரு மன்னிச்சாரு. இப்பப் போயி பேரை மாத்திக்கிட்டா, வேற யாரையோ மன்னிச்ச மாதிரி ஆயிருமுங்க.”

போதகர் தலையசைத்தார். பிறகு கரையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, “அங்கம்மாள்!” என்று உரக்கக் கூப்பிட்டு அவளைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். அவள் எழுந்தபோது காவிரி முகத்தில் வழிந்துகொண்டிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.